மூன்று தீவு, ஒரு பெட்டி

என் வீட்டுக்காரர் வீடு மாறுபவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறார். முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு வேதவாக்கு. இந்தோனேசியத் தீவுகளைச் சுற்றிவிட்டு வரலாம் என்று நான் வாயைத் திறந்ததும், என்னை ஒரு துணிகூட மடிக்க விடாமல் அவரே பெட்டி கட்டினார்.

மேலே பாலி: கடற்கரைத் துண்டுகள், கறுப்புக் கண்ணாடி. அதன் கீழே லொம்போக்: மலையேறும் காலணிகள். அதற்கும் கீழே கொமோடோ: ராட்சத உடும்பு துரத்தினால் ஊத எனக்கு ஒரு விசில்.

விமான நிலையத்தில் கவுண்டர் பெண் பாஸ்போர்ட் கேட்டாள். இவர் பெட்டியைக் காட்டினார்.

"எங்கங்க வச்சீங்க?" என்றேன்.

"ஊர் திரும்ப வேண்டியதெல்லாம் அடியில இருக்கு, வீட்டுச் சாவியோட."

"போறதுக்கும் அது வேணுங்க!"

"அத முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மூன்று தீவுகளும் தரையில் இறங்கின. பின்னால் நின்றவர்கள் லொம்போக்கைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனார்கள். என் மானம் எங்களுக்கு முன்பே கப்பலேறிவிட்டது.

அடியிலிருந்து, குமிழ் பிளாஸ்டிக் சுற்றி டேப் ஒட்டிய பொட்டலத்தை எடுத்து, நிதானமாகப் பிரித்து, பாஸ்போர்ட்டுகளைக் கவுண்டரில் வைத்தார்.

"பாத்தியா, ஒரு கீறல்கூட இல்ல."