கிரில்லுக்குக் கறுப்பு அடித்த வாரம்

ஆரோக்கியராஜின் காருக்கு ஒன்பது வயது. எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. சீட்டுக்குக்கூடப் போன வருடம்தான் புது உறை தைத்துப் போட்டான். முன்பக்கத்து கிரில்தான் அசிங்கமாகிவிட்டது. வாங்கும்போது முகம் பார்க்கலாம் போல மின்னிய க்ரோம், இப்போது புள்ளி புள்ளியாக வெளுத்து, இரண்டு மூன்று இடங்களில் தோல் உரிந்து தொங்கியது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம் என்று இருக்கிற மரக்காணத்தில் வண்டியை வெளியே நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். வாடகை ஓட்டுகிறவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவனும் எடுத்துக்கொண்டதில்லை.

ஆனால் ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மஸ்கட்டிலிருந்து மேரிசெல்வி வருகிறாள். மூன்று வருடம் கழித்து வருகிற பெண்டாட்டியைக் கூப்பிட்டுவர ஏர்போர்ட்டுக்கு இந்த மூஞ்சியோடு போவதா என்று தோன்றியது. பாண்டிச்சேரிக்குச் சவாரி போன அன்று இரண்டு டப்பா கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் வாங்கி வந்தான்.

திங்கட்கிழமை காலையில் கிரில்லைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, முருங்கை மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டான். டப்பாவைக் குலுக்கி ஒரே மூச்சில் அடித்து முடித்தான். உப்பு வாரும் வேலை முடிந்து, கால் முழுக்க வெள்ளை பூத்துப்போய் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வேலி ஓரம் நின்று பார்த்தாள்.

"இன்னாப்பா ராஜி, வண்டி மூஞ்சியக் கயட்டி மரத்துல மாட்டிட்ட?"

"மேரி வருது இல்ல? அதான் அலங்காரம்."

"நல்லாத்தான் கீது. பளபளன்னு கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவனுக்கும் அப்படித்தான் பட்டது. போட்டோ எடுத்து மேரிசெல்விக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் வீடியோ கால் வந்தது.

"இன்னாது இது? துணியால தொடச்சிட்டு அப்படியே அடிச்சிட்டியா?"

"ஆமா. ஏன், நல்லா இல்லயா?"

"கிட்டக் காட்டு. இன்னும் கிட்ட. அந்த ஓரத்துல பாரு, வட்டம் வட்டமா பெயின்ட் ஒதுங்கிப் போயிருக்குது. அதுக்குப் பேரு மீன் கண்ணு. அடியில எண்ணெய் இருந்தா அப்படித்தான் வரும். உப்பையும் நீ கழுவல. ஒரு மாசத்துல கொப்புளம் கிளம்பி எல்லாம் உரிஞ்சி வந்துடும்."

ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டான். இவளிடம் போய்ப் பெருமையடித்தோமே என்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாக ஏழு வருடம், கார் பம்பர் செய்கிற ஒரு கம்பெனியில் பெயின்ட் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேனை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். அனுமந்தை நிறுத்தத்தில் ஏறி, டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்காருவாள். மாலையில் திரும்பும்போது அவள் விரல் நகத்தில் என்ன நிறம் ஒட்டியிருக்கிறது என்று அவன் கண்ணாடியில் பார்ப்பான். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அந்தப் பிரிவுக்கு மெஷின் வந்து, பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றானது. அவளுடைய சித்தி மகள் ஒருத்தி மஸ்கட்டில் இருந்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னாள். மேரிசெல்வி கிளம்பினாள்.

முதல் வருடம் தினமும் பேசினார்கள். பிறகு பேச்சு மெல்ல மெல்லத் தேய்ந்து, "சாப்டியா?" "சாப்டேன். நீ?" "இனிமேதான்" என்பதில் வந்து நின்றது. சண்டை எதுவும் இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவள் நாற்பது நிமிடம் பேசினாள்.

"அடிச்சத எல்லாம் எடு. நானூறு நம்பர் எமரி பேப்பர் வாங்கு, தண்ணி தொட்டுத் தேய். க்ரோமோட மினுமினுப்பு சுத்தமா போகணும். அப்புறம் சோப்புத் தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி. நம்ம ஊரு போர் தண்ணி ஊத்தாத, அதுலயும் உப்பு. கேன் தண்ணி ஊத்து."

"காருக்குக் கேன் தண்ணியா?"

"சொன்னத செய்யி. காத்து எழும்பறதுக்கு முன்னாடி அடிக்கணும். ஆனா ரொம்பக் காலையில பனி ஈரம் இருக்கும். எட்டரைக்கு மேல, பத்தரைக்குள்ள. நான் அந்நேரம் இங்க பெரியம்மாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு ஃப்ரீயா இருப்பேன். கூப்புடறேன்."

செவ்வாய்க்கிழமை தேய்த்தான். போனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்திருந்தான். கிரில்லின் சந்து சந்தாகப் பேப்பரை மடித்து விட்டுத் தேய்க்க, அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மூலையில விட்டுட்ட" என்பாள். நடுநடுவே வேறு பேச்சும் வந்தது. கிழவி அவளை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அது கிழவியின் செத்துப்போன தங்கச்சி பெயராம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது, ஆனால் வாசனையே இல்லை. ஒருநாள் நம் ஊர் கருவாட்டுக் குழம்பு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத் தின்றாளாம். இதையெல்லாம் அவள் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று நினைத்தான். நான் எப்போது கேட்டேன் என்றும் நினைத்தான்.

அவள் நெற்றியோரம் நரை விழுந்திருந்தது. முன்பு போனில் பார்த்தபோதும் இருந்திருக்கும். கையில் வேலை இருந்ததால் அவசரமில்லாமல் அந்த முகத்தை இப்போதுதான் பார்க்க முடிந்தது.

புதன்கிழமை அடிப்பூச்சாகப் பிரைமர். வியாழக்கிழமை கறுப்பு. "ஒரு முழம் தள்ளி நின்னு புடி. கைய நிறுத்தாத. மொதல் கோட்டு பேருக்குத்தான், தூசி படிஞ்ச மாதிரி இருந்தா போதும். பத்து நிமிசம் விட்டு அடுத்தது." அவள் சொன்னபடியே அடித்தான். மூன்றாவது கோட் காய்ந்தபோது கிரில் புதிதாக வாங்கியதுபோல் இருந்தது. கோடு இல்லை, ஒழுகல் இல்லை.

"இப்பதான் வேலை" என்றாள் மேரிசெல்வி. "நாளைக்குக் காஞ்சதும் எடுத்து மாட்டிடு." கிழவி மணி அடிக்கும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள்.

ஆரோக்கியராஜ் மரத்தடியில் நின்றான். நாளை எட்டரை மணிக்கு அவள் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. நாளை மறுபடியும் "சாப்டியா" தான். டப்பாவில் பெயின்ட் மிச்சமிருந்தது. கிட்டே போய், அரையடி தூரத்தில் வைத்து ஒரே இடத்தில் அழுத்தினான். பெயின்ட் திரண்டு, கண்ணீர் மாதிரி கீழே இறங்கியது. போட்டோ எடுத்து அனுப்பினான். 'ஒழுகிடுச்சி, இன்னா பண்றது?'

வெள்ளிக்கிழமை எட்டரைக்குக் கூப்பிட்டாள். காய்ந்த ஒழுகலை எப்படித் தேய்த்து எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். மறுபடி அடித்தான். அவள் போனை வைத்ததும் மறுபடி ஒழுகவிட்டான். சனிக்கிழமையும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூசை முடிந்து வந்ததும் அவள் கூப்பிட்டாள். கிரில்லைக் கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

"ராஜி, ஒழுகல் வளைவுலதான் வரும். இல்லன்னா அடி ஓரத்துல வரும். உனக்கு மூணு நாளும் தட்டையான எடத்துலயே வருது. வேணும்னே பண்றியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா."

"எதுக்கு?"

"நீ பேசறல்ல, அதுக்கு."

அவள் முகம் திரையிலிருந்து விலகியது. ஒரு சுவரும் மின்விசிறியும் தெரிந்தன. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும். சொல்ல முடியாமதான் நானும் பெயின்ட்டப் பத்தியே பேசிக்கினு இருந்தேன். ஈஸ்டருக்கு நான் வரல. இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே?"

"கேட்டேன். ஜனவரியில கேட்டேன். இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க, இன்னா சொல்லட்டும்னு. நீ இன்னா சொன்ன?"

அவனுக்கு ஞாபகம் வந்தது. திண்டிவனம் ஸ்டேஷனில் சவாரிக்குக் காத்திருந்தபோது வந்த கால் அது. "உன் இஷ்டம்" என்று சொல்லியிருந்தான். அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நினைத்துத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதனால், ஒப்பந்தம் முடிகிற ஈஸ்டருக்கு வருகிறாள் என்றே வைத்துக்கொண்டான்.

இது எதையும் சொல்லவில்லை. கோபத்தில் போனை அணைத்துவிட்டான். அன்றும் மறுநாளும் அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

கிரில் மரத்திலேயே தொங்கியது. முன்பக்கம் ஓட்டையாக இருந்த வண்டியை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை சவாரிக்குப் போனான். கீழ்புத்துப்பட்டு கோயிலுக்குக் காதுகுத்துக்குப் போகிற குடும்பம். தட்சணாமூர்த்தி என்று ஒரு பெரியவர் முன்சீட்டில் ஏறும்முன் வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, வண்டிக்குப் பல்லு கொட்டிப் போச்சா?" என்றார். பின்சீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

கோயில் வாசலில் வண்டியை ஓரங்கட்டி உட்கார்ந்திருந்தபோது மூன்று வருடத்துக்கு முந்திய ஏர்போர்ட் நினைவுக்கு வந்தது. பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் கண்ணாடிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். கையாட்டினான். அவள் நகரவில்லை. திரும்பவும் கையாட்டினான். அதன் பிறகுதான் போனாள். அன்று அவள் கையாட்டலுக்காக நிற்கவில்லை என்பது அவனுக்கு இப்போது புரிந்தது. 'போகாத' என்று அவன் சொல்லுவானோ என்று நின்றிருக்கிறாள். சொன்னாலும் போயிருப்பாளோ என்னவோ. ஆனால் அவன் சொல்லவே இல்லை.

பகல் ஒரு மணி. அந்த நேரத்தில் அவன் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"இன்னா ஆச்சி? யாருக்காவது எதாவதா?"

"ஒண்ணும் ஆவல. மேரி, நீ வரணும். எனக்கு நீ இங்க இருக்கணும். உன் இஷ்டம்னு சொன்னது பொய். அன்னிக்கு ஏர்போர்ட்ல போகாதன்னு சொல்லத்தான் நெனச்சேன். சொன்னா நீ என்னத் தப்பா நெனச்சிடுவியோன்னு சொல்லல."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"இப்ப வந்து சொல்ற" என்றாள். "கையெழுத்துப் போட்டப்புறம்."

"தெரியும்."

"அக்டோபர்ல ஒரு மாசம் லீவு கேட்டிருக்கேன். தர்றேன்னு சொல்லிட்டாங்க. அதச் சொல்ல வர்றதுக்குள்ளதான் நீ கட் பண்ணிட்ட."

"அக்டோபரா?"

"அக்டோபர்."

அவன் விரல் விட்டு எண்ணினான். ஏழு மாதம். அவளும் எண்ணுகிறாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. அந்தக் குடும்பம் மொட்டையடித்த குழந்தையோடு வந்து வண்டியருகே நிற்கும் வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒழுகலைத் தேய்த்து எடுத்தான். கழுவினான், காயவைத்தான், துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தான். ஒரு முழம் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் மூன்று கோட் அடித்தான். அன்று போனை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டிருந்தான். மறுநாள் கிரில்லை எடுத்து மாட்டி, ஒவ்வொரு கிளிப்பாக அழுத்தி உட்காரவைத்தான்.

அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டான், வெறும் ஆடியோவில்.

"மாட்டிட்டியா? வீடியோ போடு, பாக்கறேன்" என்றாள்.

"போட மாட்டேன்."

"ஏன், கோவமா?"

"கோவம் இல்ல. இத நீ நேர்ல வந்து பாரு."

அவள் சிரித்தாள். "சரி, வாயாலயாவது சொல்லு. எப்படி வந்திருக்குது?"

ஆரோக்கியராஜ் வண்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இப்படியெல்லாம் அவளிடம் பேசிப் பழக்கமில்லை.

"கறுப்பா இருக்குது. பளபளப்பு இல்ல. கிட்ட வந்து பாத்தா சின்னச் சின்னப் பொடி பொடியா, தோசைக்கல்லு மாதிரி. எடது பக்கம் நடுவுல ஒரு எடத்துல லேசா மேடு. அது நான் ஒழுகவிட்ட எடம். தேய்ச்சேன், முழுசா போகல."

"கை வெச்சா தெரியுதா?"

தடவிப் பார்த்தான்.

"தெரியுது. எனக்குத் தெரியுது. வேற யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் மேரிசெல்வி.

பதினோரு மணிக்கு அவனுக்குத் திண்டிவனம் சவாரி இருந்தது. அவளுக்குக் கிழவியைக் குளிப்பாட்ட வேண்டும். "நீ வை" என்றாள். "நீ வை" என்றான்.