முதல் பேஸுக்குப் பின்னால்

மனித குலம் இன்றுவரை செய்துவந்திருக்கும் வீண் வேலைகளில் தலையாயது, பேஸ்பாலில் கேட்சர் முதல் பேஸுக்குப் பின்னால் ஓடுவதுதான். ஆற்றுமணலை எண்ணுகிறவனுக்காவது கையில் கொஞ்சம் மணல் மிஞ்சும். புள்ளியியல் படிக்கிறவன் என்ற பொறுப்போடுதான் இதைச் சொல்கிறேன்.

அடிக்கிறவன் பந்தைத் தரையோடு தட்டிவிட்டு, களத்தின் முதல் மூலையான முதல் பேஸுக்கு ஓடுவான். நம் ஆள் ஒருவன் பந்தை எடுத்து, அங்கே நிற்பவனுக்கு எறிவான். அவன் பிடித்துவிட்டால் அடித்தவன் அவுட். பிடிக்காமல் விட்டால் என்ன செய்வது? அந்த ஒரு சந்தேகத்துக்காக, அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், அதாவது நான், ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடிப்போய், பந்து பிடிக்க நிற்பவனுக்குப் பின்னால் நிற்கவேண்டும். ஏறக்குறைய எப்போதும் பிடித்துவிடுவான். நான் சும்மா போய்ச் சும்மா திரும்பவேண்டும்.

எங்கள் ஓல்ஸ்பி ஊர் அணியில் இதை எவனும் செய்ததில்லை. போன கோடையில் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததும் இல்லை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் புது மேனேஜர் மார்லிஸ் டோலஃப்ஸன் நினைத்தார். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். பழைய மேனேஜர் அரிசோனாவுக்குக் குடிபோனபோது, வேறு யாரும் வரமாட்டேன் என்றதால் வந்தவர். மைதானத்துப் புல்லையும் அவரேதான் வெட்டுவார், எங்களைத் திட்டிக்கொண்டே.

"பந்து தாண்டிப் போச்சுன்னா பக்கத்து வீட்டுப் பந்து மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க," என்றார் முதல் நாளே. "வந்து எடுத்துட்டுப் போவாங்கன்னா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஹால்வர், நீ ஏன் ஓடல?"

"மேனேஜர், முட்டில ரெண்டு பலகை, நெஞ்சுல மெத்தை, மூஞ்சில ஜன்னல் கம்பி. இதோட ஓடச் சொல்றீங்க."

"இல்ல. இதோட வேகமா ஓடச் சொல்றேன்."

"கணக்குப்படி பாத்தா..."

"காலைலேர்ந்து எத்தனையோ மாடு பாத்தேன். ஒண்ணுகூடக் கணக்குப் பேசல. கூப்பிட்டா வந்துச்சு."

மற்ற எல்லாவற்றுக்கும் ஆட்கள் மெல்ல மசிந்தார்கள். பயிற்சிக்கு நேரத்துக்கு வந்தார்கள். பியர்ப் பெட்டி ஆட்டம் முடிந்த பிறகே திறக்கப்பட்டது. ஜூலையில் நாங்கள் ஒன்றிரண்டு ஆட்டங்களை ஜெயிக்கவே, ஊர் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. நான் மட்டும் கொள்கையில் நின்றேன். பயிற்சியில் முதல் பேஸுக்குச் சவ ஊர்வலம் போவதுபோல் மெல்ல நடந்து, தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்துவிட்டு வருவேன். எல்லோரும் சிரிப்பார்கள். கோர்டி லின்டால்கூடச் சிரிப்பார்.

கோர்டி எங்கள் பிட்சர்களில் ஒருவர், அதாவது பந்து வீசுகிறவர். தானியக் கிடங்கில் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, தோள் அதற்கும் முன்பே தாண்டிவிட்டது. அணி ஜெயித்ததெல்லாம் மற்றவர்கள் பந்து வீசிய நாட்களில்தான். கோர்டி வீசிய நாளில் மட்டும் ஒரு வெற்றியும் கிட்டவில்லை. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். அவர் மனைவி பேசுவார், தன் கடைக்கு வருகிற எல்லோரிடமும்.

ஆகஸ்டில் வெளியூரில் ஓர் ஆட்டம். கோர்டி கடைசி இன்னிங்ஸ்வரை சமநிலையில் கொண்டுவந்து விட்டார். எதிரணிக்காரன் ஒருவன் தரையோடு தட்டினான். எங்கள் ஆள் டோபி அருமையாக எடுத்தான். டோபி எடுப்பதில் குறை சொல்ல முடியாது. எறிந்தால்தான் பந்து எந்த ஊருக்குப் போகும் என்று அவனுக்கே தெரியாது. முதல் பேஸில் நின்ற கிளிஃப் துள்ளியும் எட்டவில்லை. பந்து வேலியோரமாக உருண்டு, தொத்திறைச்சி சுடுகிற அடுப்பருகே போய் நின்றது. பின்னால் யாரும் இல்லை. நான் என் இடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன். அடித்தவன் மூன்று பேஸையும் சுற்றி என்னிடமே வந்து சேர்ந்து, "தள்ளிக்கோ தம்பி," என்றான். தள்ளிக்கொண்டேன். அந்த ஒரு புள்ளியில் நாங்கள் தோற்றோம், ஆட்டம் முடிந்தது.

மார்லிஸ் அன்று என்னைத் திட்டவில்லை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

திரும்பும்போது கோர்டியின் வண்டியில் வந்தேன். வலது கை தூக்க வராததால் இடது கையைக் குறுக்கே நீட்டி வலப்பக்கத்துக் கியரை மாற்றினார்.

"செப்டம்பர்ல தோள்ல கத்தி வெக்கிறாங்க," என்றார். "அப்புறம் பல் தேய்க்கலாமாம்."

"பந்து?"

"டாக்டர் பல்லுன்னுதான் சொன்னாரு."

சோளக்காடுகள் இருபக்கமும் போய்க்கொண்டே இருந்தன.

"டோபிதான் எறியத் தெரியாம எறிஞ்சுட்டான்," என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார் போல. இறங்கும்வரை நான் டோபியை மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். அது சரியாக வரவில்லை.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். கோர்டிதான் வீசினார். அவருக்கு இனி வேறு ஆட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் ஆளே டோபி பக்கம் தட்டினான்.

என் கணக்கு இப்போதும் சரிதான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டோபி ஒழுங்காக எறிந்தான். கிளிஃப் ஒழுங்காகப் பிடித்தான். திரும்பிப் பார்த்தவன், பின்னால் பலகைகள் கடகடக்க நான் நிற்பதைக் கண்டு முழித்தான்.

"என்னடா, வழி தவறிட்டியா?"

"காத்து வாங்க வந்தேன்."

அடுத்தவனும் டோபியிடமே தட்டினான். போனேன். கிளிஃப் பிடித்தான். வந்தேன். மார்லிஸ் எதிர்ப்பக்கம் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. மூன்றாவது இன்னிங்ஸுக்குள் எத்தனை முறை போய்வந்தேனோ, என் கண்ணுக்குள் வேர்வை இறங்கி எரிந்தது. யாரும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இன்னும் ஆறு இன்னிங்ஸ் பாக்கி.

மறுபடி குந்தி முகமூடியை இழுத்துவிட்டேன். மூச்சு வாயால்தான் வந்தது. அடிக்கிறவன் தயாராகிவிட்டான். பந்து வீசும் மேட்டில் கோர்டி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பந்தைக் கையுறைக்குள் வைத்து, அதைத் தரையில் கிடத்தி, மண்டியிட்டு, இறுக்கமாகக் கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்தார். இடது கை ஒன்றாலேயே, அவசரமில்லாமல், மறுபடி கட்டத் தொடங்கினார்.