முனியாண்டிக் கல்

மண்சரிவுக்குப் பயந்து தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தங்கிப் பதினோரு நாட்கள் ஆகிவிட்டன. மழை சற்று விட்டதும் எல்லாரும் மலையடியில் வரிசை வீடுகளாய் நிற்கும் தங்கள் லயத்துக்குத் திரும்ப மூட்டை கட்டினார்கள்.

"முனியாண்டி கல்லு இம்மியும் அசையல. சாமி மலையைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு," என்றார் அப்பா வேலாயுதம்.

லயத்துக்கு மேலே நிற்கும் அந்தக் கரும்பாறை, ஒரு காலத்தில் மலையின் வெடிப்புக்குள் ஏறி இறுகிய எரிமலைக் குழம்பு. புவிச்சரிதவியல் படித்த அவர் மகள் ஜெயரூபிக்கு அது தெரியும். நேற்று அங்கே தனியாகப் போய்ப் பார்த்ததைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"என்னம்மா கல்லு டாக்டரு, போவலாமா?" என்று சித்தப்பா சீண்ட, எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மூட்டையைத் தூக்கினார்.

அவள் வாசலை மறித்து நின்றாள்.

"கல்லு அசையலதாங்கப்பா. நம்ம லயத்து மண்ணுதான் கல்ல விட்டு ஒரு கையகலம் கீழ எறங்கியிருக்கு."