எர்காஷின் இடுப்புக் கச்சை

நல்ல சரக்கைக் கெட்டது என்று சொல்லி விலையைக் குறைப்பவர்கள் எங்கள் தாஷ்கண்ட் சந்தையில் ஏராளம். நானே அப்படி வளர்ந்தவன்தான். ஆனால் கெட்ட சரக்கைக் கையில் வாங்கி, "இதைவிடக் கெட்டது இருக்கா?" என்று கேட்டவர் லிதியா மார்க்கோவ்னா ஒருவர்தான்.

போர் வந்ததும் லெனின்கிராடிலிருந்து ரயிலேறி வந்தவர். மருத்துவமனையின் பின்பக்கத்து அறை ஒன்றில் பூஞ்சை வளர்த்துக்கொண்டிருந்தார். கிருமிகளை ஆராய்கிறவர் என்றாலும் எங்களுக்கு அவர் டாக்டரம்மாதான். வந்து இரண்டு குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டார், பேரம்தான் கடைசிவரை வரவில்லை. பூஞ்சை பிடித்த ஆப்ரிகாட்டை நல்ல பழத்தின் விலைக்கே அவரிடம் விற்றிருக்கிறேன். ஆசைப்பட்டுக் கேட்கிறவருக்குத் தள்ளுபடி எதற்கு?

"இதை வெச்சு என்னதாம்மா பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

காயத்தைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமியை ஒரு தட்டில் வளர்ப்பாராம். நடுவில் பூஞ்சையை வைப்பாராம். வீரியமுள்ள பூஞ்சை தன்னைச் சுற்றியிருக்கும் கிருமியைக் கொன்று, அங்கே ஒரு வெற்று வட்டம் போடுமாம்.

"என்கிட்ட இருக்கறது சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் வட்டம் போடுது, துர்சுன் அண்ணே. அதுல மருந்து எடுத்து ஒரு சிப்பாயோட காலைக் காப்பாத்துறதுக்குள்ள காலையே வெட்டிடறாங்க."

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அவர் வந்தபோது முகம் சரியில்லை. அடுத்த திங்கட்கிழமை அறையைக் காலி செய்ய வேண்டுமாம். டைபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தயாரிக்கிறவர்களுக்கு இடம் போதவில்லை.

"அவங்களைக் குறை சொல்ல முடியாது. அவங்க கையில ஊசி இருக்கு. என் கையில பொத்தான்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் பக்கத்துக் கடையை நிமிர்ந்து பார்த்தார்.

அது எர்காஷின் முலாம்பழக் கடை. இலையுதிர் காலத்துப் பழங்களைக் கோரைக் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பான். வசந்தம் வரைக்கும் தாங்கும். தினமும் காலையில் கடை திறந்ததும் இடுப்புக் கச்சையின் நுனியால் ஒவ்வொரு பழத்தையும் துடைப்பான். மணமகளுக்குக்கூட அத்தனை ஒப்பனை நடக்காது. அன்று மூலையில் தொங்கிய ஒரு பழம் மட்டும் அவன் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அதன் வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு, வெல்வெட் மாதிரி நீலப்பச்சையாகப் பூஞ்சை.

"அண்ணே, அந்தப் பழம் வேணும். அப்படியே வேணும்" என்றார் டாக்டரம்மா.

எர்காஷ் அவருடைய துருத்திய தோள் எலும்பைப் பார்த்தான், கிழிந்த கையுறையைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழத்தை இறக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கச்சையால் அழுத்தித் துடைத்தான். அழுகிப்போன இடத்தைத் தாராளமாக வெட்டிப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் எறிந்தான். மீதியைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, ரொட்டியும் சேர்த்துத் தட்டில் வைத்து நீட்டினான்.

"சாப்பிடுங்கம்மா. காசெல்லாம் வேணாம்."

"எங்க அது?"

"எது?"

"அழுகல்! அந்த அழுகல் எங்க?"

"வாய்க்கால்ல. என்னை என்னன்னு நெனச்சீங்க? பசியோட வந்தவங்களுக்கு அழுகலை வெட்டிப் போடற பரம்பரையா நாங்க?"

டாக்டரம்மா வாய்க்காலுக்கு ஓடினார். உருகிய பனியெல்லாம் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழத்துண்டு இந்நேரம் அடுத்த தெருவைத் தாண்டியிருக்கும். திரும்பி வந்து என் உலர்திராட்சை மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. அப்படியே எர்காஷை வெறித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார்.

"அண்ணே, உங்க கச்சையை அவிழுங்க."

சந்தையே அடங்கிவிட்டது. எதிர்க்கடை சாபிர் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"என்னம்மா பேச்சு இது!" எர்காஷ் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டான். "இது என் பெண்டாட்டி தைச்சது. நட்ட நடுச் சந்தையில இதை அவுத்து இன்னொரு பொம்பளை கையில குடுத்துட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

"எனக்கு அந்தப் பச்சைக் கறை போதும். அதுலதான் பூஞ்சை ஒட்டியிருக்கு."

"அந்த மூலையிலதாம்மா அவ பாதாம்பூ தைச்சிருக்கா!"

இனி இதைத் தரகன் இல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் வழக்கப்படி இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துக் குலுக்க ஆரம்பித்தேன். "முழுக் கச்சை வேணாம். பூவோட ஒரு மூலை. பதிலுக்கு டாக்டரம்மா ஆஸ்பத்திரி வெள்ளைத் துணியில புதுக் கச்சை தரணும். சரின்னு சொல்லுய்யா!"

"மாட்டேன்."

"உன் மகன் சண்டையில இருக்கான்ல? அவன் காலுக்கு ஒண்ணுன்னா?"

எர்காஷ் கையை உருவிக்கொண்டான். மூட்டை வெட்டும் கத்தரிக்கோலை என் கடையிலிருந்து எடுத்து அவனே வெட்டிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "அவகிட்ட நீதான் வந்து சொல்லணும், துர்சுன்" என்றான். நான் போகவில்லை. எனக்கென்ன பைத்தியமா?

திங்கட்கிழமை போய்ச் செவ்வாயும் வந்தது. டாக்டரம்மாவைக் காணோம். எர்காஷ் மூலை குறைந்த கச்சையோடு, வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத மனிதனாக உட்கார்ந்திருந்தான். மத்தியானம் அவர் வந்தார், கையில் துணி மூடிய கண்ணாடித் தட்டு. திறந்து காட்டினார். நடுவில் பச்சைப் பொட்டு. அதைச் சுற்றி, தேநீர்க் கிண்ணத்தின் வாய் அகலத்துக்கு ஒரு வெற்று வட்டம்.

"அறை?" என்று கேட்டேன்.

"நேத்து தடுப்பூசிக்காரங்க பெட்டியோட வந்துட்டாங்க. இந்தத் தட்டைக் காட்டினேன். ஆஸ்பத்திரித் தலைவர் அவங்களை வேற கட்டடத்துக்கு அனுப்பிட்டாரு" என்று சிரித்தார். இவருக்குச் சிரிக்கவும் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "இந்தப் பூஞ்சைக்குப் பேர் வைக்கணும். எர்காஷ்னே வைக்கலாம்னு இருக்கேன்."

எர்காஷ் அலறினான். "ஐயையோ! எர்காஷ்னா பூஞ்சைன்னு ஊரெல்லாம் பேசவா? அப்புறம் எவன் என் பழத்தைத் தொடுவான்? சாபிர் பேரை வைங்கம்மா, அவனுக்குப் பொருத்தமா இருக்கும்!"

"உன் அழுக்குக்கு என் பேரா?" என்று எதிரிலிருந்து கத்தினான் சாபிர்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் எர்காஷின் மனைவி ஆய்நிஸா வந்து நின்றாள். கச்சை கேட்ட பெண்ணை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பி வந்திருக்கிறாள். எர்காஷ் பழக்கூடைக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கினான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. தட்டைப் பார்த்தாள். பச்சைப் பொட்டின் ஓரத்தில், பூஞ்சையோடு சேர்ந்து வந்த சிவப்பு நூல் இழை ஒன்று கிடந்தது.

"இது என் நூல்" என்றாள்.

"ஆமாம்மா."

"இதுல சிப்பாய்ங்களுக்குக் காயம் ஆறுமா?"

"ஆறும்னு நம்பறேன். மருந்து எடுக்க ஆரம்பிச்சுட்டோம்."

ஆய்நிஸா இன்னொரு முறை குனிந்து தட்டைப் பார்த்தாள். "அப்ப என் பேரையே வைங்க. தைச்சது நான். இவரு வெறுமனே தொடைச்சாரு."

டாக்டரம்மா அங்கேயே பென்சிலை எடுத்துத் தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதினார். அந்தக் கோடைகாலம் முழுக்க மருத்துவமனைக் கண்ணாடிப் புட்டிகளில் ஆய்நிஸா வளர்ந்தாள். காலோடு நடந்து வெளியே வந்த சிப்பாய்கள் சிலர் எர்காஷிடம் பழம் வாங்கினார்கள். பூஞ்சையை யார் கண்டுபிடித்தது என்று இப்போது அவனிடம் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறான்.

டாக்டரம்மா தந்த வெள்ளைத் துணியில் ஆய்நிஸா தைத்த புதுக் கச்சையில் நான்கு மூலையிலும் பாதாம்பூ. கடை வாசலில் அவளே அதை அவன் இடுப்பில் கட்டிவிட்டாள். "இதுலயும் நல்லாத் தொடைங்க. ஆனா தண்ணியில மட்டும் நனைச்சுடாதீங்க. டாக்டர் அக்காவுக்குத் தேவைப்படும்" என்றாள்.