காளையோடு நின்றவன்

அர்ச்சுனன் தன் அண்ணனைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சித்தண்ணீரை வாயருகே கொண்டுபோனபோது ஆஸ்பத்திரி வாசலில் யாரோ அலறினார்கள். உடையப்பன் கிண்ணத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“யாருடா அது?”

“யாரோ. நீ குடி.”

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து ஒன்பதாவது நாள். ஒவ்வொரு மூச்சும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது போல் வந்தது. “இண்டைக்குத் தாண்டாது” என்று காலையிலேயே டிரஸ்ஸர் ஸ்கந்தராஜா அர்ச்சுனனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஈப்போவுக்கு வடக்கே இருந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியை வெகுகாலமாக நடத்திவருபவர். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அர்ச்சுனன் பாகான் செராயில் நெல் வண்டி ஓட்டுகிறவன். அண்ணி காளியம்மா ஆள் அனுப்பி, முந்தின நாள்தான் வந்து சேர்ந்தான். எட்டு வருஷமாக அண்ணன் முகத்தில் அவன் விழித்ததில்லை. அப்பா இறந்தபோது, கொள்ளி வைக்க வந்த உடையப்பனைச் சுடுகாட்டிலேயே மறித்து, “கண்டவன் பீயும் சீழும் அள்ளுற கையி. நீ தொடாத” என்று சொன்னவன் அவன்தான். உடையப்பன் சிதை எரிந்து முடியும்வரை தள்ளி நின்றுவிட்டுப் போனான்.

உடையப்பன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனது ஒரு காளையால். 1909இல் ஈப்போவில் நடந்த விவசாயக் கண்காட்சிக்குத் தோட்டத்து வண்டிக்காளை ஒன்றைக் கொண்டுபோகச் சொன்னார் துரை. பதினாறு வயது உடையப்பன் மூன்று மாதம் அதைக் கயிற்றில் பிடித்து நடத்திப் பழக்கினான். தேங்காய் மட்டையால் தேய்த்துக் குளிப்பாட்டினான். கொம்புக்கு எண்ணெய் தடவினான். நடுவர்கள் சுற்றிவந்து பார்க்கும்போது காளை நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். அதுதான் போட்டி.

அன்று திடலில் பேண்டு முழங்கியதும் மாடுகள் மிரண்டன. ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது. சனம் சிதறி ஓடியது. அப்பாவும் அர்ச்சுனனும் வேலி தாண்டிக் குதித்துவிட்டார்கள். உடையப்பன் ஓடவில்லை, கயிற்றை இழுக்கவும் இல்லை. காளையின் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, அது மூச்சு விடும் வேகத்திலேயே தானும் விட்டான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மூச்சைத் தணித்தான். காளையின் மூச்சும் தணிந்தது. அந்தப் பெரிய திடலில் அசையாமல் நின்றவை அந்த இரண்டு உயிர்கள்தான்.

முதல் பரிசு கிடைத்தது. சாயங்காலம் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் அவனைத் தேடி வந்தார். அவர்தான் ஸ்கந்தராஜா.

“மாட்டை நிப்பாட்டின மாதிரி ஆக்களையும் நிப்பாட்டுவியோ? புண்ணை வெட்டேக்கை நாலுபேர் அமத்தினாலும் அவங்கள் கிடக்கிறாங்களில்லை. எனக்கு அமத்திற ஆள் வேண்டாம். உன்னை மாதிரி ஒருத்தன் வேணும்.”

அடுத்த மாதமே உடையப்பன் மாட்டுக் கொட்டகையை விட்டான். வீட்டில் அடியும் திட்டும் விழுந்தன. அவன் திரும்பி வரவில்லை. அந்தப் பதினேழு வருஷத்தில் பாம்பு கடித்தவர்கள், குளிர்காய்ச்சலில் பிதற்றியவர்கள், விஷக்காய்ச்சல் வருஷத்தில் வரிசையாகச் செத்தவர்கள் எல்லாரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார்கள் என்று அண்ணி நேற்றுச் சொன்னாள். அர்ச்சுனன் கேட்டுக்கொண்டான். அவ்வளவுதான்.

வாசலில் அலறியது காடு வெட்டுகிற சீனி. சாய்ந்த மரம் காலில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்தது, மறுநாள்தான் வரும். மேசையில் கிடத்தி நான்கு பேர் அமுக்கினார்கள். சீனி ஒருவன் கையைக் கடித்தான். எலும்பை இழுத்துச் சேர்க்க முடியாமல் டிரஸ்ஸர் கத்திக்கொண்டிருந்தார்.

“என்னைத் தூக்கிட்டுப் போ” என்றான் உடையப்பன்.

“பைத்தியமா ஒனக்கு? மூச்சு விடவே முடியல.”

“அவனுக்குந்தான் முடியல. கேளு.”

அர்ச்சுனன் தூக்கினான். அண்ணனுக்குக் கனமே இல்லை. அவனைக் கண்டதும் டிரஸ்ஸர், “வேண்டாம் உடையப்பன், போய்ப் படு” என்றார்.

“ஆளுங்கள விடச் சொல்லுங்க ஐயா.”

நான்கு பேரும் கையை எடுத்தார்கள். மேசையின் தலைமாட்டில் பெஞ்சு போட்டு, அண்ணன் சாய்ந்துவிடாமல் அர்ச்சுனன் பின்னாலிருந்து தன் மார்போடு அணைத்துக்கொண்டான். உடையப்பன் சீனியின் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தான்.

“என்னைப் பாரு. காலைப் பாக்காத.”

சீனி மூச்சு வாங்கிய வேகத்தில் அவனும் வாங்கினான். அந்த நெஞ்சுக்கு அது ஆகாது. உள்ளே ஏதோ கிழிவது போன்ற சத்தம் அர்ச்சுனனின் மார்பில் வந்து மோதியது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அண்ணனின் மூச்சு தணியத் தொடங்கியிருந்தது. ஒன்று. இன்னும் மெதுவாக ஒன்று. சீனியின் நெஞ்சும் கூடவே இறங்கியது. கடிபட்டவன் கையை உதறுவதை மறந்து நின்றான். தானும் அதே மூச்சில் இருப்பது அர்ச்சுனனுக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவன் அண்ணனைப் பார்த்ததே இல்லை.

டிரஸ்ஸர் இழுத்தார். எலும்பு சேர்ந்த சத்தம் கேட்டது. சீனியின் கண்கள் நிரம்பி வழிந்தன, உடம்பு அசையவில்லை. மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றத் தொடங்கினார்கள்.

நாலாவது சுற்றில் அண்ணனின் மூச்சு வெளியே போனது. அர்ச்சுனன் அடுத்ததற்காகக் காத்திருந்தான். வரவில்லை.

டிரஸ்ஸர் நிமிர்ந்து பார்த்தார். அர்ச்சுனன் பேச வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தான். அவர் குனிந்து மறுபடி சுற்றினார். துணி முடியும்வரை சுற்றி முடிச்சுப் போட்டார். அதுவரை அர்ச்சுனன் அண்ணனை நிமிர்த்திப் பிடித்திருந்தான். அந்தக் கை சீனியின் காதுக்குப் பின்னாலேயே இருந்தது.

“முடிஞ்சிருச்சா அண்ணே?” என்றான் சீனி, கண்ணை மூடியபடி.

“முடிஞ்சிருச்சு. தூங்கு” என்றான் அர்ச்சுனன்.

நான்கு பேரும் உடையப்பனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உதவப் போன அர்ச்சுனனின் இரண்டு விரல்களைச் சீனி பற்றிக்கொண்டான். பற்றியபடியே தூங்கிப்போனான். தொழிலாளர் லயத்துப் பக்கமிருந்து பெண்களின் அழுகை கேட்டது. வெகுநேரம் கழித்துக் காளியம்மா வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“தண்ணி காஞ்சிருச்சு தம்பி. குளிப்பாட்டணும், வாங்க.”

“கொஞ்சம் பொறுங்க அண்ணி.”

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். மூலையில் கிடந்த முக்காலியை எடுத்துவந்து அவனுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அர்ச்சுனன் உட்கார்ந்தான். சீனியின் காலில் சுற்றிய துணியில் ரத்தம் கசிந்த இடத்தில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. மற்றக் கையால் அவற்றை ஓட்டினான். அவை திரும்ப வந்தன. மறுபடியும் ஓட்டினான்.