குடை எடுக்காத சொல்

அவசரம் வந்தால் சித்தப்பாவின் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். இன்று காலையிலிருந்து அங்கேதான் குடியிருந்தது. அவருடைய அச்சகத்தின் பழைய மெஷினை விலைபேசியவர் முன்னறையில் காத்திருந்தார். புது மெஷின் மாதக் கடைசிக்குள் வருமென்றால் பழையதை இன்றே தள்ளிவிடலாம். வராவிட்டால் ஒப்புக்கொண்ட பாடப்புத்தக வேலை அம்போ.

புது மெஷினை விற்கிற ரஷ்யாக்காரரின் கடிதம் வந்துவிட்டது. இங்கிலீஷ் மட்டும் தெரிந்த கூட்டாளிக்கு அதை மொழிபெயர்த்து அனுப்ப வேண்டியவள் ரஷ்ய மொழி படித்த அண்ணன் மகள்.

"முடிஞ்சுதாம்மா?"

"ஒரே ஒரு வார்த்தை பாக்கி, சித்தப்பா."

"ஒரு வார்த்தைக்கு ஒரு மணி நேரமா? நான் அதுக்குள்ள ஒரு கல்யாணமே பேசி முடிச்சிருப்பேன்!"

கடிதத்திலிருந்த பழமொழிகூட அவளைப் படுத்தவில்லை; இங்கிலீஷில் அதற்கு ஒரு சம்பந்தி கிடைத்துவிட்டது. 'மாதக் கடைசியில் மெஷின் வந்துவிடும்' என்ற வரியில் ஒட்டிக்கொண்டிருந்த 'அவோஸ்' என்ற சொல்தான் பிடி கொடுக்கவில்லை. அகராதி 'ஒருவேளை' என்று நழுவியது. 'நம்புகிறோம்' என்று எழுதிப் பார்த்தாள். சரி, அந்த நம்பிக்கை எத்தனை கிலோ?

உள்ளே பழைய மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், பதினைந்து வருஷமாக இங்கேயே குப்பை கொட்டும் ரஷ்ய மெக்கானிக்.

"அண்ணே, அவோஸ்னா எவ்வளவு நிச்சயம்?"

"சிகரெட் வாங்கிட்டு வந்து சொல்றேன்."

"வானம் கறுத்துக் கிடக்கு. குடை?"

"அவோஸ்!" என்று கையை வீசிவிட்டுப் போனார்.

அவள் ஜன்னலருகே போய் நின்றாள். அவர் தெருமுனையைத் தொட்டதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தொப்பலாகத் திரும்பி வந்தவர் முகத்தில் துளி வருத்தமில்லை.

"இனிமேலாவது குடை எடுப்பீங்களா?"

"எதுக்கு? அடுத்த தடவை பெய்யாமப் போகலாமே!"

ஓடிப்போய் 'நம்புகிறோம்' என்பதைக் கோடுபோட்டு அடித்தாள். 'வரும் என்கிறார், வரவைக்க எதுவும் செய்யவில்லை' என்று இங்கிலீஷில் எழுதினாள்.

தோளுக்குமேல் எட்டிப் படித்த சித்தப்பாவின் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. நேரே முன்னறைக்குப் போனார்.

"மெஷின் உங்களுக்குத்தான். ஆனா புதுசு வந்து இறங்கின மறுநாள்தான் கழட்டித் தருவேன்."

"அது எப்ப வரும்?"

சித்தப்பா அண்ணன் மகளைப் பார்த்தார். அவளோ வந்தவரின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கையில் நீளமான குடையொன்று, பொட்டு ஈரமில்லாமல் தொங்கியது. மழைக்கு முன்பே குடையோடு வந்த மனிதர்.

"சித்தப்பா, இவர் வாய்வார்த்தைக்கு மசிய மாட்டார். எழுதியே குடுத்துடலாம்."