தண்ணீர் எடுக்கப் போனவள்

எஃபி ஈரப் பஞ்சால் கணவனின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. விஸ்கி வடிசாலை மேலாளர் கில்லெஸ்பி தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். மழைக்கோட்டுப் பையிலிருந்து சின்னக் கண்ணாடிச் சீசா ஒன்றை எடுத்துக் கட்டிலருகே வைத்தார்.

"மர்டோ, அந்த மூலைப் பீப்பாய். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நீயே நிரப்பினது. இன்னிக்குத்தான் திறந்தோம். முதல் வாய் உனக்குன்னு பசங்க எல்லாரும் சொல்லிட்டாங்க."

எந்தெந்தச் சீமையிலோ இருந்து ஆட்கள் அந்தப் பீப்பாய்க்குத் தவம் கிடந்தார்கள். ஐம்பது வருடத்தில் அதில் பாதி ஆவியாகி, காற்றே குடித்துவிட்டிருந்தது. மிச்சமிருந்ததில் ஒரு வாய் இப்போது மருந்துப் புட்டிகளுக்கு நடுவே தேன் நிறத்தில் நின்றது.

மேலாளர் போனதும் மர்டோ கண்ணைத் திறந்தான்.

"எஃபி. ஒரு வாய்."

அவள் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள்.

அந்தக் காலத்தில் வடிசாலையே வேலையாட்களுக்கு வேளைக்கு ஒரு கோப்பை ஊற்றும். மர்டோவுக்கு அது நாக்கை நனைக்கவே காணாது. கால்சட்டைக்குள் செப்புக் குழாயை மறைத்து வைத்துப் பீப்பாயிலிருந்து உறிஞ்சி எடுப்பான். வீட்டுக்கு வந்தால் அவளைக் கை நீட்டி அடிப்பான். ஒரு குளிர்காலத்தில் தோளெலும்பு முறிந்து, அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அவன் மழையில் வந்து நின்று, வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். அன்றிலிருந்து விஸ்கிக் கிடங்கிலேயே காலம் தள்ளியும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அந்தத் தீவே அவனை மெச்சியது. எஃபி மட்டும் மெச்சவில்லை. அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் முதலில் அவன் கைகளைத்தான் பார்ப்பாள். இன்றுவரை அது நிற்கவேயில்லை.

"கேட்டதெல்லாம் குடுக்கலாம்னுதான் நர்ஸ் சொல்லியிருக்கா" என்றான் ரனால்ட், மர்டோவின் தம்பி. அடுப்பில் எரிக்கக் காய்ந்த சதுப்புமண் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மர்டோ அவனைப் பார்க்கவில்லை. "நீ சொன்னாக் குடிக்கிறேன் எஃபி. இல்லைன்னா வேண்டாம்."

இதைவிட அவன் அவளைத் திட்டியிருக்கலாம். கேட்காமலே எடுத்துக் குடித்திருக்கலாம். இவ்வளவு பணிவாக அவன் எதையும் கேட்டதில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தண்ணி கலக்க வேண்டாமா? குழாய்த் தண்ணி ஆகாது. ஓடையில எடுத்துட்டு வரேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மலையிலிருந்து இறங்கி வடிசாலைக்குப் போகும் ஓடை. குடத்தைக் கழுவினாள். நிரப்பினாள். தூசி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கொட்டினாள். மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டினாள். தூறல் பிடித்துக்கொண்டது. கரையில் உட்கார்ந்து, சரி என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். வாய் வரவில்லை.

திரும்பியபோது ரனால்ட் ஜன்னலைத் திறந்து விட்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தை நிறுத்தியிருந்தான்.

"போயிட்டான் அண்ணி."

அவள் குடத்தை இறக்கவில்லை. "கேட்டானா?"

"நான் ஊத்தித் தரவான்னு கேட்டேன். அவ வரட்டும்னான். கதவையே பாத்துக்கிட்டு இருந்தான்."

கட்டிலருகே சீசா மூடி பிரியாமல் இருந்தது. ரனால்ட் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பீப்பாய் செய்தே வயதானவன் அவன்.

"இதுக்கு எதுக்கு அண்ணி தண்ணி? இத்தனை வருஷத்துல வீரியமெல்லாம் தானாவே இறங்கியிருக்கும். ஒரு சொட்டு விட்டாலும் ருசி செத்துடும். உங்க அப்பா வடிசாலையில விஸ்கி காய்ச்சினவரு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் எஃபி.

ரனால்ட் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சீசாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஊர்ச் சாவு வழக்கப்படி அண்ணனின் மார்பில் வைக்க உப்புத் தட்டைத் தேடிப் போனான்.

வெளியே செய்தி பரவி, வேலி வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். எஃபி குடத்துத் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றி, வந்தவர்களுக்குத் தேநீர் வைத்தாள்.